நிழல் ஏறும் வரை

கம்பியை இன்னும் மாட்டவே இல்லை. அதற்குள் கண்ணாடியில் நிழல் விழுந்திருந்தது.

பொற்கொடி முதலில் அதை அழுக்கு என்றுதான் நினைத்தாள். பூச்சு வேலை முடியாத வீட்டில் சன்னலில் சுண்ணாம்பு தெறிப்பதும் சிமெண்டுப் பால் வழிவதும் வழக்கம்தான். இடுப்பில் செருகியிருந்த துணியை நனைத்துத் துடைத்தாள். மஞ்சளும் நீலமுமாகப் பதித்திருந்த துண்டுகள் ஒவ்வொன்றாகத் துலங்கின, அவற்றைச் சுற்றி ஓடிய ஈயப்பட்டைகூட மினுமினுத்தது. அந்தக் கருப்புப் பட்டை மட்டும் போகவில்லை. சன்னலின் நடுவில், பன்னிரண்டு என்ற எண்ணுக்கு நேர் மேலே, ஒரு சாண் அகலத்தில் நெட்டுக்குத்தாக நின்றது.

அந்தச் சன்னல் ஒரு வெயில் கடிகாரம். கண்ணாடிக்கு வெளியே ஒரு பித்தளைக் கம்பியைப் பொருத்தினால் அதன் நிழல் வண்ணக் கண்ணாடியில் விழும். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர், நிழல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து மணி சொல்லிவிடலாம். கண்ணாடியை வெட்டி, வண்ணம் தீட்டி, சூளையில் சுடுவது அவள் கணவன் ஜெரோம். கம்பி, அதைத் தாங்கும் அடித்தகடு, போல்ட்டு, கண்ணாடி விரியாமல் இருக்க ரப்பர் வாஷர் என்று மாட்டும் சாமான்களையெல்லாம் வரைந்து லேத் பட்டறையில் கொடுத்து வாங்குவது பொற்கொடி. பம்ப் கம்பெனியில் எட்டு வருடம் டிராயிங் போட்டவள். கருமத்தம்பட்டியில் தறி ஓடி நின்றுபோன ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து இருவரும் இந்தத் தொழிலை ஆரம்பித்து நாலு வருடமாகிறது.

ஆகவே நிழலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கம்பி பென்சில் தடிமன்தான், அதற்கு இத்தனை அகல நிழல் வராது. அது போகட்டும், கம்பியே தரையில் கோணிப்பைமேல் கிடக்கிறது. அதுவும் போகட்டும், இது வைகாசி மாதம்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் போனால் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே ஒதுங்கிவிடும். ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகும்வரை தெற்குப் பார்த்த சுவரில் வெயில் என்பதே கிடையாது. காலையிலும் இல்லை, உச்சியிலும் இல்லை, மாலையிலும் இல்லை. இந்தச் சன்னல் தெற்குப் பார்த்தது. வருடத்தில் நாலு மாதம் உங்கள் கடிகாரம் தூங்கிவிடும் என்று வீட்டுக்காரர் மனோஜ்குமாரிடம் அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "தெரியுமுங்க, தெக்குத்தான் வேணுமுங்க" என்று அவர் சிரித்திருந்தார். பணம் கொடுக்கிறவர் சொன்னால் நாம் யார் மறுக்க.

அவள் உள்ளங்கையை அந்தப் பட்டையின்மேல் வைத்தாள். சுற்றிலும் கண்ணாடி குளுகுளுவென்றிருக்க, நிழல் விழுந்த இடம் மட்டும் சுட்டது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த பாறை சுடுமே, அந்தச் சூடு. கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புதுச் சிலிக்கான் பசையின் புளித்த நெடிக்குக் கீழே பழைய வியர்வை நாறியது.

"ஏனுங்க," என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். "சன்னல்மேல ஏதாச்சும் சாத்தி வெச்சிருக்கறீங்களா?"

"ஒண்ணுமில்லையே அம்மணி." அதே சுவரில் சற்றுத் தள்ளிச் சாத்தியிருந்த ஏணிமேலிருந்து ஜெரோமின் குரல் வந்தது. அதோடு சீட்டியும் வந்தது. ஒரு இடத்தில் ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாத மனிதன் அவன். கோயிலில் பூசை நேரத்தில்கூடக் கால் மாற்றிக்கொண்டே இருப்பான், பாதிரியார் இரண்டு முறை முறைத்திருக்கிறார்.

அவள் வீட்டைச் சுற்றிப் போய் வெளியே நின்று பார்த்தாள். சுவர் முழுக்கச் சுவரின் சொந்த நிழலில் இருந்தது. வெளியிலிருந்து கண்ணாடி சுத்தமாகத் தெரிந்தது. சன்னலுக்கு ஆறடி தள்ளி, தரைமட்டத்துக்கு அறுக்கப்பட்ட ஒரு கல்லின் அடிப்பாகம் மண்ணில் பதிந்து கிடந்தது. அதைத் தவிர அங்கே சாத்தி வைக்க எதுவுமில்லை. முகூர்த்த நாள் என்பதால் கொத்தனார், பெயிண்டர் யாரும் வரவில்லை. தென்னந்தோப்புக்கு நடுவில் அந்தப் பெரிய வீடு ஆளரவமில்லாமல் கிடந்தது, கிணத்துக்கடவு ரோட்டில் ஓடும் பஸ்ஸின் ஹாரன் மட்டும் எப்போதாவது கேட்டது.

திரும்பி உள்ளே வந்தாள். நிழல் அங்கேயே இருந்தது.

பதினோரு மணிக்கு மனோஜ்குமார் காரில் வந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்குப் போகிற சந்தன மணம். கேனில் மோர் கொண்டுவந்திருந்தார். தனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் ஊற்றினார். "பேப்பர் கப்பு சுத்தமுங்க" என்றார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அந்த ரகம்.

"உங்குளுக்கு எந்தூருங்க?"

"கருமத்தம்பட்டிங்க."

"அது தொழிலுக்குங்க. பூர்வீகம் கேக்கறேன்."

அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். "கொடுமுடிப் பக்கமுங்க. எங்க பெரியவங்க பண்ணையத்துல ஆளா இருந்தாங்க."

"அப்பிடிங்களா, சந்தோசமுங்க" என்று அவர் திருப்தியாக மோரைக் குடித்தார். பிறகு சன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினார். "வெளிய ஒரு கல்லு அறுத்துக் கெடக்குது, பாத்தீங்களா? ஆள் ஒசரத்துக்குத் தூணுங்க அது. பழைய ஊட்டுத் தெக்குச் செவுத்துக்கு எதுர எங்க அப்பாரு நட்டது." அப்பாரு என்று அவர் சொன்னது தாத்தாவை. "அதோட நெழலப் பாத்துத்தான் ஆளுங்கள வேலைக்கு உடறதும் நிறுத்தறதும். அவரு நெனப்பா அதே எடத்துல ஒரு வெயில் கடியாரம் இருக்கோணும்னுதான் உங்களக் கூப்புட்டேன்."

"சரிங்க."

"நஞ்சப்பன்னு ஒரு ஆளுங்க. வேல நேரத்துல குந்திட்டான். அப்பாரு கைய ஓங்குல, ஒரு கெட்ட வார்த்த பேசுல. தூணுகிட்ட நிறுத்தி, இந்த நெழலு செவுத்துல ஏர்ற வரைக்கும் நில்லப்பா, அப்பறம் போய்க்கன்னு சொன்னாரு. அது வைகாசிங்க."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். விகடம் புரிந்ததா என்று பார்க்கிற பார்வை. அவளுக்குப் புரிந்தது.

"அவருக்குத் தெரியாதுங்களா, வைகாசியில நெழல் அந்தப் பக்கம் வராதுன்னு?"

"நஞ்சப்பனுக்கா? காட்டுல பொறந்து வளந்தவனுக்குத் தெரியாம இருக்குமுங்களா. எல்லாத்துக்கும் தெரியும். சொன்னா நிப்பாங்க, அந்தக் காலத்து ஆளுங்க. மாத்தாள் வந்து நின்னா நீ போலாம்னும் சொன்னாருங்க. மனசிருந்துச்சு அவருக்கு. ஆனா யாருங்க வருவா?" வேட்டியில் சிந்திய மோரைத் தட்டிவிட்டார். "நாலாம் நாளு போய்ட்டான். அப்பறந்தான் கவுறு போட்டது, உழுகாம இருக்கறக்கு. ஆவணியில நெழலு ஏறுன பொறவுதான் பொணத்த எடுக்க உட்டாரு. வார்த்தைன்னா வார்த்தைங்க எங்க அப்பாருக்கு."

பேப்பர் கப்பை அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. அவள் எறியவில்லை. "சரிங்க" என்றாள். அப்படிச் சொன்ன தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வாரனுங்க. கம்பிய இன்னைக்கே மாட்டிப்போடுங்க" என்று மனோஜ்குமார் கிளம்பிப் போனார். கார் சத்தம் தோப்பைத் தாண்டி ரோட்டில் ஏறிக் கரைந்தது.

பொற்கொடி சன்னலுக்குத் திரும்பினாள். அடித்தகட்டை எடுத்துக் கண்ணாடியில் போட்டிருந்த மூன்று துளைகளுக்கு நேராக வைத்துப் பார்க்கலாம் என்று குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள். பட்டையின் இரண்டு ஓரமும் முன்பு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தன. இப்போது அப்படி இல்லை. மேலே உருண்டிருந்தது. அதற்குக் கீழே சரிந்து, அகன்று, மறுபடி ஒடுங்கியது. தலை, தோள், இடுப்பு. தூண் அல்ல. தூணை ஒட்டி நின்ற ஆள்.

கண்ணாடிக்கு மிக அருகில், தொண்டை காய்ந்தவர் எச்சில் விழுங்கப் பார்க்கும் சத்தம் கேட்டது. எச்சில் இல்லாத வாய். மறுபடியும் கேட்டது. வியர்வை வாடையோடு இப்போது தேங்காய் நார்க் கயிற்றின் வாடையும் சேர்ந்திருந்தது. இது ஜெரோமாக இருக்கட்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. ஏணியிலிருந்து இறங்கி நிற்கிறான், அவன் உருவம்தான் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் சீட்டி வேறு பக்கத்திலிருந்து, ஏணிமேலிருந்து வந்துகொண்டிருந்தது.

சீட்டி நின்றது. ஜெரோம் யாரிடமோ பேசினான்.

"ஏனுங்க பெரியவரே, எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

பதிலாக அவளுக்குக் கேட்டது தொண்டைச் சத்தம் மட்டும்தான்.

"காலெல்லாம் நடுங்குதுங்களே. ஏணிய நீங்க புடிக்க வேண்டாமுங்க." ஏணிப் படிகள் கிரீச்சிட்டன. இறங்குகிறான். "யாரு நிக்கச் சொன்னாங்க? அட, அதுக்கென்னங்க. நான் நிக்கறனுங்க. நீங்க போயி அந்த மரத்தடியில குந்துங்க."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நிக்கறேன்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதற்குள் அவன் சொல்லிவிட்டிருந்தான்.

கண்ணாடியில் நிழல் அசைந்தது. முழங்கால்கள் மடங்கின. தோள் இறங்கியது. தலை சன்னலின் கீழ் விளிம்புக்கு அடியில் போய் மறைந்தது. மஞ்சளும் நீலமும் துளிக் கறையில்லாமல் ஒளிர்ந்தன.

வெளியே யாரோ நெடுமூச்சு விட்டார்கள். வெகுகாலம் கழித்து உட்காருகிறவர் விடும் மூச்சு.

அவள் ஓடினாள். நடுக்கூடம், வாசல், மணல் குவியல், மூலையில் தண்ணீர்த் தொட்டி. வீடு இவ்வளவு நீளமா. செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டாள்.

அறுத்த கல்லின்மேல் ஜெரோம் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் பக்கவாட்டில். முகம் சுவரைப் பார்த்து. கால் மாற்றவில்லை.

"வாங்க," என்றாள். "வாங்க, போலாம்."

"ஒரு பெரியவரு நின்னுட்டிருந்தாரு அம்மணி. பாவமா இருந்துச்சு. நான் நிக்கறேன்னு சொல்லிப்போட்டேன்."

தென்னைமரத்தடியில் யாரும் இல்லை. புல் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த அகலத்துக்கு அமுங்கியிருந்தது. அமுங்கியே இருந்தது.

"சரி, நின்னது போதும். வாங்க."

"நெழலு ஏறட்டும். ஏறுனதும் வந்தர்றேன் கண்ணு."

கையைப் பிடித்து இழுத்தாள். நட்டு வைத்த கல்லை இழுப்பது போலிருந்தது. முதுகுப்பக்கம் போய் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தூக்கினாள். பதினொரு வருடம் பழகிய உடம்பு, மயிரளவும் நகரவில்லை. ஆனால் கொதித்தது. பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றினாள். வாய் ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கி, இறங்கும்போதே காய்ந்தது. மணி பன்னிரண்டே கால். மனோஜ்குமாருக்கு ஃபோன் போட்டாள். எடுத்தார். நாதஸ்வர இரைச்சலுக்கு நடுவில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரரு அவுரா சொன்னதுங்களா, நிக்கறேன்னு?"

"ஆமாங்க."

"அப்ப நான் என்னங்க பண்ணட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறுத்துப் போட்ட கல்லுக்கு எதிரே சன்னல் வைத்து, வைகாசியில் ஆள் வரச்சொல்லி, யாரும் இல்லாத நாளில் கம்பி மாட்டச் சொன்னவருக்குத் தெரியாமல் என்ன. அவர் கூப்பிட்டது கடிகாரத்துக்கு அல்ல, மாத்தாளுக்கு.

மாத்தாள் வந்தால் போகலாம். பொற்கொடிக்கும் அது தெரியும். இரண்டே வார்த்தைதான், நான் நிக்கறேன். அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் உதட்டில் அதற்குள் வெடிப்பு விழுந்திருந்தது. வாயைத் திறந்தாள். மகள் மதிவதனி நினைவுக்கு வந்தாள். ஆறு வயது, பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள், மூன்றரைக்கு வாசலில் அம்மா இல்லாவிட்டால் அழுவாள். வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையைச் சாக்கு வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். உண்மையில் அது பயம். அந்தக் கல்லின்மேல் நிற்கப் பயம். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதுவும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ வேண்டாம் அம்மணி," என்றான். குரல் காய்ந்த ஓலையாக வந்தது. "நெழலு ஏறட்டும்."

நிழல் ஏறினால் போதும். அவள் தலைக்குள் ஏதோ ஒன்று சட்டென்று அமர்ந்தது. நிழல்தானே. நிழல் போடுவதுதானே தொழில். ஆவணிவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

உள்ளே ஓடினாள். குளியலறை வாசலில், வாஷ்பேசினுக்கு வாங்கிவைத்த முகம் பார்க்கும் கண்ணாடி, அட்டையோடு சாத்தியிருந்தது. நாலடி உயரம். அட்டையைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெரோமுக்குத் தெற்கே பத்தடி தள்ளி, அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள். சூரியன் உச்சியில், ஒரு விரற்கடை வடக்கே. கண்ணாடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து மேலே பார்க்கச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம். மேலிருந்து கொட்டிய வெயில் கண்ணாடியில் பட்டு, மடங்கி, வடக்கே பாய்ந்தது. தரையில் வெளிச்சக் கட்டம் ஓடியது. அவன் குதிகாலில் ஏறியது. முதுகில் ஏறியது. அவனைத் தாண்டிச் சுவரில் விழுந்தது.

வைகாசி மாதத்தில், தெற்குச் சுவரில், வெயில்.

அதற்கு நடுவில் நிழல். நிலத்திலிருந்து எழுந்து, சுவரில் ஏறி, சன்னலைத் தொட்டு, பன்னிரண்டாம் கோட்டில் போய் நின்றது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஒரு நொடி. முழுசாக ஒரே ஒரு நொடி.

பிறகு நிழலைப் பார்த்தாள். அதற்குத் தோள் இல்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனை. கழுத்து ஒரு குச்சி. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இடுப்பைச் சுற்றிக் கயிறு, கயிற்றின் முனை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

ஆவணியில்தான் நிழல் ஏறும். ஏறும்போது நிற்பது ஆவணி மாதத்து ஆள். மூன்று மாத வெயில் முழுசாகத் தின்று முடித்த ஆள். அவள்தான் ஆவணியை இழுத்துக்கொண்டு வந்தாள். தன் கையால், தன் கெட்டிக்காரத்தனத்தால்.

"இல்லை," என்றாள். "இல்லை இல்லை."

எதிரே ஜெரோமின் சட்டை தளர்ந்தது. முதுகில் ஒட்டியிருந்த துணி விலகி மடிப்பு விழுந்தது. பேண்ட் இடுப்பிலிருந்து இறங்கி எலும்பில் மாட்டி நின்றது. கொப்பரை வெடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். இன்னொன்று. கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். இறக்கினால் நிழல் போய்விடும், போனால் அவன் அங்கேயே நிற்க வேண்டும். இறக்காவிட்டால் இதைப் பார்க்க வேண்டும். அவள் இறக்கவில்லை.

"ஏறிருச்சு," என்றான்.

அவன் குரல்தான். அந்தக் கனிவு, அந்த இழுப்பு, எல்லாம் அவனுடையதுதான்.

கல்லிலிருந்து இறங்கித் திரும்பினான். உதடு இல்லை, பல் மட்டும் இருந்தது. கண் இருந்த இடத்தில் ஈ மொய்த்தது. கயிற்றின் முனை பின்னால் மண்ணில் இழுபட, ஒவ்வோர் அடியாக, அவசரப்படாமல் அவளிடம் வந்தான். மோதிரம் விரல் எலும்பில் கிடந்து ஆடியது. அந்தக் கையை நீட்டினான்.

"மதிக்கு ஸ்கூல் உட்டுரும் அம்மணி. வண்டிச் சாவியக் குடு."